அடுத்த செவ்வாய்க்கிழமைக்கும் நார்மல்

பேரன்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்கா வீட்டுக்காரர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் இங்கே நலம் என்று நான் எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை என்பது நேற்றைய போனிலேயே தெரிந்துவிட்டதால், முறையில் பாதியைக் குறைத்துக்கொண்டு, உங்கள் நலமறிய ஆவல் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தங்கச்சியும் பிள்ளைகளும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நர்ஸம்மா உங்களுக்குப் போன் போட்டு என்னென்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. நீங்கள் என்னிடம் சொன்னது ஒரே வரி. "அத்தான், அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன், அக்காவைக் கூட்டிட்டுப் போறேன்." அவ்வளவுதான், வைத்துவிட்டீர்கள். என் பக்கத்து நியாயத்தைச் சொல்லச் சந்தர்ப்பம் தராததால் இந்தக் கடிதம். கோபத்தோடு படித்தாலும் பரவாயில்லை, கடைசிவரை படித்துவிடுங்கள் மச்சான்.

நான் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன பார்த்தேன் என்பது தெரியாது. முப்பத்தொரு வருஷம் ஒரு முள்ளைப் பார்த்தேன். மணிக்கொரு தடவை அந்த முள் பிரஷர் மீட்டரில் எங்கே நிற்கிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில், சின்ன வயசுத் துடிப்பில், "இன்று கொஞ்சம் அதிகம் மாதிரி இருக்கிறது" என்று எழுதிவைத்தேன். அதைப் படித்துவிட்டு மூன்று ஆபீஸர்கள் ஓடிவந்தார்கள், பாய்லரை அணைத்தார்கள், தொட்டியில் கிடந்த துணியெல்லாம் திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்துப் பாழாய்ப் போனது, கடைசியில் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஃபோர்மன் என்னைத் தனியே கூப்பிட்டு, முள் சிவப்புக் கோட்டைத் தாண்டாதவரை எல்லாம் நார்மல்தான், மாதிரி இருக்கிறது கீதிரி இருக்கிறது என்று எழுத இது என்ன காதல் கடிதமா என்று கேட்டார். அன்றிலிருந்து நார்மல். எனக்கு முன்னால் இருந்தவர்கள் இன்னொரு வித்தையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் வரிசையாக நார்மல் என்று எழுதி வைத்துவிடுவது. பிறகு முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியது, ஏதாவது ஆனால் அடித்துவிட்டுத் திருத்த வேண்டியது. முப்பத்தொரு வருஷத்தில் நான் அடித்துத் திருத்தியது நாலே நாலு தடவை. பட்டறையில் என் பேரே நார்மல் என்று ஆகிப்போனது. ரிடையர் ஆன அன்று மேனேஜர் மைக்கில் பேசும்போதுகூட என் சொந்தப் பேர் ஞாபகம் வராமல், "நம்ம நார்மல்" என்றுதான் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

இந்த ஒரு வார்த்தையை நான் மட்டுமா சொல்கிறேன்? ஊரே சொல்கிறது. டீக்கடைக்காரர் ஸ்பெஷலா நார்மலா என்கிறார், முடி வெட்டுபவர் நார்மல் கட்டிங்தானே என்று கேட்டுவிட்டு அவர் இஷ்டத்துக்கு வெட்டுகிறார், சமையலறைச் சுவரில் ஈரம் ஊறி என் உள்ளங்கை அளவுக்குப் பச்சை பிடித்திருக்கிறதே என்று வீட்டு ஓனரிடம் போய் நின்றால், பழைய கட்டடத்துக்கு அது நார்மல் என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்கிறார். குழாய்க்காரரும் அதே பதில்தான் சொன்னார், குழாயில் வந்த நாற்றத்தைப் பற்றி. அவ்வளவு ஏன், பக்கவாதத்துக்குப் பார்த்து உங்கள் அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்று பெரிய டாக்டர் என்ன சொன்னார்? ஸ்கேன் நார்மல், ரத்தம் நார்மல், இடது கை இப்படி மரத்திருப்பது இந்த ஸ்டேஜில் நார்மல், மொத்தத்தில் வயசுக்கு நார்மல். உங்கள் அக்கா வாய் குழறியபடி, எந்த வயசுக்கு என்று கேட்டாள். டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். படித்தவர்களே இப்படிச் சொல்லும்போது பாய்லர்காரன் சொன்னால் மட்டும் குற்றமா என்பதுதான் என் கேள்வி.

வீட்டுக்கு வந்த பிறகு நடந்ததையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பிள்ளைகுட்டி இல்லாத வீடு, இருக்கிற ஒரே ஆள் நான், எல்லாம் என் தலையில்தான். முதல் நாள் அவளுக்குக் கை பிசையும் ரப்பர் பந்தைக் கொடுத்துவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன், பந்து அவள் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் போனது, அதை எடுக்க நான் உள்ளே நுழைந்து முதுகு பிடித்துக்கொண்டு வெளியே வரமுடியாமல் கிடந்த நேரத்தில் பால் தீய்ந்து பாத்திரம் கரியாகிப் புகை கிளம்ப, பக்கத்து வீட்டுத் தையல்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்து நேரே கட்டிலில் ஊற்றிவிட்டார். புகை அடுப்பிலிருந்து வந்தது, நனைந்தது உங்கள் அக்கா. அவள் வெளிர்நிறச் சேலைகளை என் நீலச் சட்டையோடு மிஷினில் போட்டு, சாயப்பட்டறையில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் என்ற பேருக்கு ஏற்றபடி, எல்லாவற்றையும் ஒரே நீலமாக்கி எடுத்தேன். உடற்பயிற்சிக்கு என்று சக்கர நாற்காலியில் கீழே கூட்டிப்போன அன்று லிஃப்ட் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே நின்றுபோனது. மணியை அழுத்தினால் லிஃப்ட் மெக்கானிக் மேலே எங்கிருந்தோ, இந்த லிஃப்டுக்கு இது நார்மல் சார், கதவை உதைக்காதீங்க என்று கத்தினார். முக்கால் மணி நேரம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்குங்க" என்றாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

இனி அந்த நோட்டு விஷயம். இரண்டு வாரத்துக்கு ஒருநாள் வருகிற நர்ஸம்மா ஒரு பிரஷர் மிஷினும் நாற்பது பக்க நோட்டும் கொடுத்து, காலை ஆறு, பகல் இரண்டு, மாலை ஏழு, மூன்று வேளையும் பார்த்து எழுதச் சொன்னார். முதல் நான்கு நாள் மிஷினைக் கையில் கட்டி நம்பரைப் பார்த்து அப்படியே எழுதினேன், சத்தியமாக எழுதினேன். எல்லாம் நூற்று முப்பத்தைந்து, நூற்று முப்பத்தெட்டு என்று சமர்த்தாகவே நின்றது. ஐந்தாம் நாள் நம்பருக்குப் பதில் நார்மல் என்று எழுதினேன். ஆறாம் நாள் காலையில் கோடு போட்டுக் கட்டம் கட்டிய அந்த நோட்டைப் பார்த்ததும் கை தானாகவே ஓடிவிட்டது மச்சான். மாதக் கடைசிவரை எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு நாள் மிஷினைக் கட்டிப் பார்த்தேன். அப்புறம், ஏற்கெனவே எழுதியாகிவிட்டதே என்று கட்டவில்லை.

வியாழக்கிழமை நர்ஸம்மா வந்தார். நோட்டைப் புரட்டினார். அழகான கையெழுத்து என்று பாராட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். விரலை அங்கே வைத்தபடி என்னைக் கேட்டார்.

"ஐயா, அடுத்த செவ்வாய்க்கிழமை காலைல ஆறு மணிக்கு அம்மாவுக்கு நார்மல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

உங்கள் அக்கா சிரித்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வதால் இப்போதெல்லாம் அவள் சிரிப்பது குறைவு, ஆனாலும் சிரித்தாள். நர்ஸம்மாவும் சிரித்துக்கொண்டேதான் மிஷினை எடுத்து அவள் கையில் கட்டினார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. நூற்று எழுபத்தெட்டு. இன்னொரு தடவை கட்டினார், நூற்று எண்பத்திரண்டு. டாக்டருக்குப் போன் போட்டு, மருந்தை மாற்றி, அந்த இடத்திலேயே ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு உங்கள் அக்காவிடம் தலைசுற்றல் இருந்ததா என்று கேட்டார். ஐந்து நாளாக இருந்ததாம். வலது கை விரலிலும் மதமதப்பு இருந்ததாம். எனக்கு ஒன்றுமே தெரியாது. ஏன் ஐயாகிட்ட சொல்லலை என்று கேட்டதற்கு, நான் அங்கேதான் நிற்கிறேன் என்பதையும் பொருட்படுத்தாமல் பதில் சொன்னாள்.

"சொன்னா நார்மல்னுடுவாரு."

மச்சான், முப்பத்தொரு வருஷம் அந்த பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒருநாளும் பயந்ததில்லை. வியாழக்கிழமை பயந்தேன். அன்றைக்கே அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டேன். புது நோட்டு வாங்கி, நம்பர் மட்டும் எழுதுகிறேன். தேதியைக்கூட அன்றன்றைக்குத்தான் போடுகிறேன். மூன்று நாளாக ஒரு வேளை தவறவில்லை. நூற்று அறுபது, நூற்று ஐம்பத்தைந்து, இன்று காலை நூற்று நாற்பத்தாறு. சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அடுத்த வேளைக்காக உட்கார்ந்திருக்கிறேன். சமையலுக்குத் தையல்காரர் சம்சாரம் உதவுகிறார்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது என்னவென்றால், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம். உங்கள் அக்கா உங்களைத் தூக்கி வளர்த்தவள், உங்களுக்கு உரிமை இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளைக் கூட்டிப்போய்விட்டால் இந்த வீட்டில் நான் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பது? ஒரு தப்புச் செய்துவிட்டேன், திருத்திக்கொண்டும் விட்டேன். உங்கள் வேலையைக் கெடுத்துக்கொண்டு அத்தனை தூரம் வண்டி ஓட்டி வரவேண்டிய அவசியம் இல்லை. அவளும் இங்கே இருக்கத்தான் விரும்புகிறாள்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பெரியவன் பரீட்சை நன்றாக எழுதட்டும், சின்னவளுக்குப் பல் முளைத்ததும் சொல்லுங்கள். எல்லாருக்கும் நோய்நொடியில்லாத நீண்ட ஆயுள் கிடைக்க என் மனமார்ந்த ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மடித்த பிறகு, என்ன எழுதினீங்க, படிங்க என்றாள். படித்துக் காட்டினேன். தண்ணீர் ஊற்றிய இடத்தில் சிரித்தாள். லிஃப்ட் கதை வந்தபோது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் இங்கே இருக்கத்தான் விரும்புகிறாள் என்ற வரிக்கு வந்ததும், நான் எப்ப சொன்னேன் என்று கேட்டாள். அவள் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அதையும் நானே முன்கூட்டி எழுதிவிட்டேன். சரி, இப்போது கேட்கிறேன், போகிறாயா என்றேன். மரத்த இடது கையை வலது கையால் நீவிக்கொண்டாள். பிறகு, "கொஞ்ச நாள் போறேனே. தம்பிகிட்ட வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லலாம்" என்றாள். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை.

அதனால் வாருங்கள். மேலே வரவேண்டாம் என்று எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு இடது கால் மடங்காது, முன் சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருங்கள். வலதுபக்கம் சாய்ந்து படுத்தால்தான் தூக்கம் வரும். மாத்திரைகளை வேளைவாரியாகப் பொட்டலம் கட்டிப் பேர் எழுதி வைத்திருக்கிறேன், புது நோட்டும் பையில் இருக்கிறது. வலிக்கிறது என்றால் எங்கே என்று மட்டும் கேளுங்கள், மற்றதை அவளே சொல்வாள்.

விடிகாலையில் கிளம்பி அவசர அவசரமாக ஓட்டிக்கொண்டு வராதீர்கள் மச்சான். மத்தியானத்துக்கு மேல் வந்தால் போதும்.