க்ளெனிஸின் கேக்கை யாரும் தொடவில்லை

யாரம்பில்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்கா மெரிடித்துக்கு,

தங்கை பிரான்வின் எழுதுவது. இங்கு நான் சுகம், தண்ணீர்த் தொட்டி பாதி நிரம்பியிருக்கிறது, கோழிகளும் இந்த நிமிஷம் வரை சுகம். மெல்போர்னில் நீ சுகமாக இருக்க வேண்டும். உன் புத்தகக் கடை கொஞ்சம் நொடித்தாலும் எனக்கு வருத்தமில்லை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, க்ளெனிஸ் செய்த ஸ்பாஞ்ச் கேக்கில் ஒரு துண்டு வெட்டிக் கோழிகளுக்குப் போட்டேன். போட்டுவிட்டு உள்ளே வந்திருக்கலாம். வரவில்லை. இரவு உடையோடு வேலியைப் பிடித்துக்கொண்டு, அவை சாகின்றனவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். க்ளெனிஸ் யாரென்று உனக்குத் தெரியும். கட்டின புருஷன் டாரில் என்னை விட்டுப் போன குளிர்காலத்தில், ஒரு கேள்விகூடக் கேட்காமல் தினமும் சூப் கொண்டுவந்து வைத்தவர். அவர் கேக்கை நான் கோழிக்குப் போட்டுச் சோதிக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் நீதான்.

நல்லதாக நாலு புத்தகம் சொல் என்று கேட்டது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஊர் மண்டபத்தில் கூடும் எங்கள் வியாழக்கிழமை வாசகர் கூட்டம் அதுவரை, விதவைப் பண்ணைக்காரியை மாட்டு டாக்டர் கல்யாணம் செய்துகொள்ளும் கதைகளைப் படித்து நிம்மதியாக இருந்தது. நீ சொன்ன பேய்க் கதையை முதலில் கொடுத்தேன், கம்பளிக் கொட்டகையில் செத்தவன் வந்து ஆட்டு ரோமம் கத்தரிப்பானே, அது. நோரீன் அதைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குப் புருஷனைத் துணைக்கு அழைத்தாள், அவரும் படித்திருந்ததால் இரண்டு பேருமாக நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எல்லோரும் சிரித்தோம். அடுத்தது நிஜக் குற்றம், இரண்டு புருஷனையும் ஒரு வாடகைக்காரனையும் கஸ்டர்டில் விஷம் வைத்துக் கொன்றவளைப் பற்றி, அங்கேதான் வினை. எங்க ஊர்ல கூட்டம்னா ஆளுக்கொரு தட்டு பலகாரம் கொண்டுவரணும், தட்டு வீடு திரும்பறதுக்காக அடியில பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதியிருக்கும். இத்தனை வருஷத்துல யாரும் அதைத் திங்கறதுக்கு முன்னாடி படிச்சதில்ல. நேத்து ஒவ்வொருத்தியும் தட்டைத் தூக்கி யார் பேருன்னு பாக்கறா, நோரீன் தூக்கின தூக்குல முழு பாவ்லோவா கிரீம் கேக்கும் வழுக்கி லொரெய்ன் மடியில விழுந்தது. கடைசியில அவங்கவங்க செஞ்சதை அவங்கவங்களே தின்னாங்க. லொரெய்னுக்கு அது பெரிய தண்டனை, அவ பிஸ்கட்டை அவளே மெல்லறது இதுதான் முதல் தடவை.

க்ளெனிஸ் கெட்டில் எடுக்க உள்ளே போனப்ப, பேச்சு அவங்க புருஷன் செசில்கிட்ட வந்து நின்னது. போன வருஷம் காற்றாலை மேலேர்ந்து விழுந்து போனவர், எண்பத்தொரு வயசு, ஊரே பாத்தது.

“விழுந்தாரு, சரி. தலை சுத்துனது எதனால?” என்றாள் நோரீன்.

க்ளெனிஸ் கதவருகே நின்றிருந்தார். கெட்டிலை வைத்தார், கைப்பையை எடுத்தார், போய்விட்டார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருடைய கேக் துண்டைக் கையிலிருந்து நான் தட்டில் திருப்பி வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அவர் விட்டுப் போன கேக்கைத் தட்டோடு நான்தான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

ஆகவே அக்கா, இனி எனக்குப் புத்தகமே சொல்லாதே. ரோஜா வளர்ப்பு பற்றி ஏதாவது இருந்தால் அனுப்பு, அதிலும் பூச்சிமருந்து அத்தியாயம் இல்லாததாகப் பார்த்து. க்ளெனிஸிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றும் எழுது. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எல்லோரும் அவரவர் கையால் சமைத்துச் சாப்பிட்டு நெடுங்காலம் வாழ்க.

உன் தங்கை,
பிரான்வின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் க்ளெனிஸ் தன் தட்டைக் கேட்டு வந்துவிட்டார். சேவலின் அலகில் கிரீம். அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கோழிக்கு ஒண்ணும் ஆகலியே, கண்ணு?”

அவர் எதிரிலேயே ஒரு துண்டு வெட்டித் தின்றேன், அப்புறம் இன்னொன்று. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அந்தக் கஸ்டர்ட் விஷப் புத்தகத்தை நேற்று இரவு எடுத்து விடிவதற்குள் முடித்துவிட்டாராம்.

“அந்தக் கொலைகாரிக்கு கஸ்டர்டே கிண்ட வரல. கட்டி கட்டியா இருந்தா எவன்தான் சந்தேகப்பட மாட்டான்? நான் கொல்லணும்னா ஸ்பாஞ்சுலயா வைப்பேன்? நாலு முட்டையை வீணாக்குவேனா?”

மண்டபத்து வாசலை இனி மிதிக்க மாட்டேன் என்றார். இதே மாதிரி வேறு இருக்கிறதா என்றும் கேட்டார்.

மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. சமையல் நன்றாகத் தெரிந்த கொலைகாரியாகப் பார்த்து ஒரு புத்தகம் அனுப்பு, இரண்டு பிரதி. வியாழக்கிழமைகளில் நான் இனி மண்டபத்துக்குப் போகப் போவதில்லை, க்ளெனிஸ் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து படிக்கப் போகிறேன். நோரீனிடம் இதைச் சொல்லவில்லை. க்ளெனிஸிடமும் இன்னும் சொல்லவில்லை.