என்னவாம் நானாவும் இரண்டு பக்கப் பிரிண்டும்

இலங்கையில் மிகக் கடினமான பரீட்சை எது என்று கேட்டால் சாதாரண தரம் என்பார்கள், உயர்தரம் என்பார்கள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில்தான் என்று சில அம்மாமார் அடித்தே சொல்வார்கள். மூன்றையும் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, என்னவாம் நானாவின் கடையில் இரண்டு பக்கம் பிரிண்ட் எடுப்பதற்கு முன்னால் இவையெல்லாம் தூசு.

அவருக்கு உம்மாவும் வாப்பாவும் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை; ஊருக்கே அவர் நானா, அதாவது அண்ணன். கடைக்குப் பெயர் ‘கொமினிகேஷன்’. டெலிபோன் கோல் எடுக்கிற கண்ணாடிப் பெட்டிகள் போய் வெகுகாலம். இப்போது உள்ளே ஒரு போட்டோகொப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், பேனை, பிரிஸ்டல் போர்ட், இவற்றின் நடுவே மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்ட நானா. பிரிண்டரிலிருந்து சூடாக வரும் கடதாசியை எடுப்பார். எடுத்ததை நம்மிடம் தரமாட்டார். பழைய பூட்டு ஒன்றைத் தூக்கி அதன்மேல் வைத்து, பூட்டின்மேல் தன் கையையும் வைத்துக்கொண்டு கேட்பார்.

“இதுல என்னவாம்?”

சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, அவருக்கு விளங்கவும் வேண்டும். விளங்கினால்தான் கடதாசி. கடவுள் புண்ணியத்தில் அவருக்கு எதுவுமே முதல் தடவையில் விளங்காது.

மனுசன் எல்லாம் தெரிந்துகொண்டு நடிக்கிறார், பெரிய ஞானி என்று ஊரில் ஒரு கட்சி உண்டு. நான் நெருங்கிப் பழகியவன். நடிப்பெல்லாம் இல்லை. அவருக்கு உண்மையாகவே விளங்காது.

நான் ஆசிரியர் நியமனம் கிடைத்துப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைக்கு வந்த புதிது. பாடத்திட்டம் ஒன்றைப் பிரிண்ட் எடுக்கப் போனேன். கழுத்துப்பட்டி வேறு கட்டியிருந்தேன். நானா தலைப்பை எழுத்து எழுத்தாக வாசித்தார்.

“மா-ண-வர் மை-யக் கற்-றல். இதுல என்னவாம் சேர்?”

“இப்ப வந்த புது முறை நானா. புள்ளைங்க நடுவுல இருப்பாங்க. அவங்களே தேடிப் படிப்பாங்க.”

“அப்ப இத்தன நாளும் நடுவுல யாரு ஈந்த?”

“சேர்மார்தான்.”

“இப்ப சேர் எங்க நிக்கிற?”

“ஓரமா நின்னு வழிகாட்டுறேன்.”

நானா மறுபடி தலைப்பைப் பார்த்தார். பூட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

“ஓரமா நிக்கிறத்துக்கும் சம்பளம் ஈக்கா?”

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கழுத்துப்பட்டியைக் கழற்றியவன், மறுபடி கட்டவேயில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு நானா வேறு விதமான ஆபத்து. அவர்கள் சொன்னதைத் தப்பாக விளங்கிக்கொண்டு, அடுத்து வருகிறவருக்குச் சந்தோஷமாகச் சொல்லிவிடுவார். என் வகுப்பில் சர்மிளா என்று ஒரு பிள்ளை. வகுப்பில் வாயே திறக்காது. ஒருநாள் அது ஒளித்தொகுப்புப் பற்றி நான் எழுதிவரச் சொன்ன ஒப்படையைப் பிரிண்ட் எடுத்து, செடி வெயிலில் தனக்கு வேண்டிய உணவைத் தானே செய்துகொள்கிறது என்று எப்படியோ சொல்லி முடித்து, கடதாசியை மீட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிவிட்டது. பஸ் புறப்படவில்லை. நானா அந்த வழியாக வந்த மீன்காரரை நிறுத்திவிட்டார்.

“கேட்டீங்களா? மரம் வெயில்ல சோறாக்குதாம்!”

“அப்ப கறிய யாரு ஆக்குற?” என்றார் மீன்காரர்.

பஸ் ஜன்னலிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. “சோறு இல்ல நானா! மாப்பொருள்!”

“மாவா? கோதம்ப மாவா?”

சர்மிளா பஸ்ஸை விட்டு இறங்கியது. வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட மேசைக்குள் முகத்தைப் புதைக்கிற பிள்ளை, நடுரோட்டில் நின்று ஒரு இலையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, நானாவுக்கும் மீன்காரருக்கும் பாடம் எடுத்தது. பஸ் போய்விட்டது. பாடம் நின்றபாடில்லை. தான் சொன்னதை ஒருவர் இவ்வளவு கேவலமாக விளங்கிக்கொள்வதை எந்தப் பிள்ளையாலும் பொறுக்க முடியாது. அதுதான் சூட்சுமம்.

பிறகு எல்லாருடைய போனுக்குள்ளும் செயற்கை நுண்ணறிவு வந்து குந்திக்கொண்டது. கேட்டால் எழுதித் தரும். வகுப்பில் ஒப்படைகளின் தமிழ் திடீரென்று ஓகோவென்று உயர்ந்தது. எனக்கே அகராதி தேவைப்பட்டது. பொல்கொல்லையில் மகாவலி ஆற்றை மறிக்கிறார்களே, அங்கே தொடங்கி நீர்மின்சாரம் பற்றி எழுதச் சொல்லியிருந்தேன். சர்மிளாவின் பிரிண்ட் வந்தபோது நானும் கடையில் நின்றேன். நானா வாசித்தார்.

“‘நிச்சயமாக! நீங்கள் கேட்ட ஒப்படை இதோ.’ ஏன் மகள், யாரு ஒனக்கு இவ்வளவு மரியாதயா பேசுற?”

“போன் நானா,” என்றது சர்மிளா, என்னைப் பார்க்காமல்.

நானா கடைசிப் பக்கத்துக்குப் போனார். “‘இதை மேலும் எளிமையாக விளக்க வேண்டுமா?’ இப்பிடிக் கேட்டிரிக்கே. நீ என்ன சென்ன?”

“ஒண்ணும் சொல்லல்ல.”

“அட பாவமே. அதுவும் வாய்விட்டுக் கேட்டிரிக்கி. ஓம் எண்டு செல்லியிரிக்கலாமே. சரி, தண்ணியில கரண்ட் எப்பிடி வருதாம்?”

சர்மிளாவுக்குத் தெரியவில்லை. கடதாசியைப் பூட்டின் கீழேயே விட்டுவிட்டு, ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனது.

எதிர்ப்பக்கத்தில் அப்போதுதான் ஒரு புதுக் கடை திறந்திருந்தது. ஏசி போட்ட கடை. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு வந்தால் பிரிண்ட் தயாராக இருக்கும். ஒரு கேள்வி கிடையாது. அந்தப் பொடியன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நம் முகத்தைக்கூடப் பார்க்காமல் கடதாசியை நீட்டுவான். ஒருவர் பின் ஒருவராகப் பிள்ளைகள் ரோட்டைக் கடந்தார்கள். நானாவின் கடையில் ஈ மட்டும் மிஞ்சியது. ஈயிடம் கேட்க ஒன்றுமில்லை.

ஒருநாள் பகல் சோற்றுப் பார்சலோடு வந்த அவருடைய மனைவி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், என்னை வைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“இந்த மனுசன் கேள்வி கேக்குறத்த நிப்பாட்டோணும். இல்லாட்டி இந்த ஸ்கூல் தவணையோட கடைய போன் திருத்துற தம்பிக்கு வாடகைக்குக் குடுக்கிற. முடிஞ்சி.”

“இனிக் கேக்கல்ல,” என்றார் நானா.

அடுத்த நாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு வியாபாரம் செய்தார். மடவளையிலிருந்து வந்த ஒருவர் காணி உறுதிப் பத்திரத்தைக் கொப்பி எடுத்தார். நானா ஒரு வார்த்தை பேசவில்லை. முகம் மட்டும் சிவந்துகொண்டே போனது. அந்த மனிதர் நன்றி சொல்லிவிட்டுப் பாலத்தில் பாதித் தூரம் போயிருப்பார். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார் நானா.

“தம்பி! தம்பி! மூணாம் பக்கத்துல என்னவாம்?”

அந்த மனிதரோ, திருடன் துரத்துகிறான் என்று பயந்து உறுதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார்.

“ஏன் நானா இப்படி?” என்று அன்றைக்குக் கேட்டேன். மூச்சு வாங்கிக்கொண்டே மெஷினைக் காட்டினார்.

“சேர், இத்தன வருஷமா கடதாசி இந்தப் பக்கத்தால போய் அந்தப் பக்கத்தால வருது. மெஷினுக்கும் வெளங்கல்ல, எனக்கும் வெளங்கல்ல. ரெண்டு பேருல ஒத்தராவது கேக்கோணும்தானே?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா மாநகர சபையின் குப்பை லொறியில் வேலை. என் புத்தகங்களை அம்மா சாமிப்படம் துடைப்பதுபோலத் துடைத்து அடுக்குவார். ‘பாஸா?’ என்று அப்பா கேட்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க அவர்களுக்குக் கூச்சம். சொல்ல எனக்கும் கூச்சம். ‘இதுல என்னவாம்?’ என்று என்னிடம் முதன்முதல் கேட்ட ஆள் இந்த மனுசன்தான்.

அந்த நாட்களில்தான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி என் பாடத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. வகுப்பில் புது ஸ்மார்ட் போர்ட் இருந்தது. பிள்ளைகள் கையில் அழகான ஒப்படைகள் இருந்தன. ஒருவருக்கும் ஒன்றும் விளங்கியிருக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு நானாவிடம் போய், “எங்க வகுப்புக்கு வந்து உக்காந்திருங்க. வழக்கம்போலக் கேளுங்க. வேற ஒண்ணும் வேணாம்,” என்றேன். பிள்ளைகளிடம், “என்னவாம் நானா வாறார். நீங்கதான் அவருக்குச் சொல்லணும்,” என்றேன். வகுப்பு பேயறைந்ததுபோல் இருந்தது.

அன்றிரவு நடந்ததைப் பிறகு சர்மிளாதான் சொன்னது. போனை எடுத்து, ‘இதை என்னவாம் நானாவுக்கு விளங்குற மாதிரி சொல்லு’ என்று கேட்டிருக்கிறது. ‘அப்படி ஒருவரைப் பற்றிய தகவல் என்னிடம் இல்லை; அவருக்கு என்ன தெரியும் என்று சொல்ல முடியுமா?’ என்று போன் திருப்பிக் கேட்டிருக்கிறது. ‘ஒண்ணுமே தெரியாது’ என்று சர்மிளா எழுத, இரண்டும் சேர்ந்து இராத்திரி வெகுநேரம் பாடுபட்டிருக்கின்றன.

அதிகாரி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். என் பாடத்திட்டத்தைப் புரட்டியவர் ஓரிடத்தில் நின்றார்.

“தம்பி, கற்பித்தல் சாதனங்கள் எண்ட இடத்தில ஸ்மார்ட் போர்ட், அதுக்குக் கீழ நானா எண்டு எழுதியிருக்கிறீர். இதென்ன?”

“அந்தா, முன்கதிரையில இருக்கிறார் சேர்.”

நானா புதுச் சாரம் கட்டி, அத்தர் பூசி, கலியாண வீட்டுக்கு வந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். சர்மிளா எழுந்தது. கடதாசியைத் திருப்பி வைத்துவிட்டுத் தொடங்கியது.

“தண்ணி மேல இருந்து வேகமா விழுகும் நானா. அதுலதான் கரண்ட் எடுக்கிறாங்க.”

“தண்ணிக்குள்ள கரண்ட் எங்க ஈக்கி? நான் சின்ன வயசுலேந்து மகாவலியில குளிக்கிற. ஒருநாளும் அடிக்கல்லயே?”

வகுப்பு வெடித்தது. சர்மிளா சிரிக்கவில்லை. நிமிர்ந்து மேலே கையைக் காட்டியது.

“இந்த ஃபேன் எதுல சுத்துது?”

“கரண்டுல.”

“அத அப்பிடியே தலைகீழா நெனைங்க. கரண்ட் ஃபேன சுத்தல்ல. தண்ணி ஃபேன சுத்துது. அப்ப கரண்ட் வெளிய வரும்.”

நானா மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப நான் ஊட்டுல ஏறி ஃபேனக் கையால சுத்தினா லைட் பத்துமா?”

அவ்வளவுதான். பத்தும் என்று ஒரு பக்கம், பத்தாது என்று ஒரு பக்கம், அதற்குள் காந்தம் வேண்டும் என்று ஒருவன், சைக்கிள் டைனமோவில் லைட் பத்துகிறதே என்று இன்னொருவன். யாரும் தொடாததால் ஸ்மார்ட் போர்ட் தானாகவே அணைந்துபோனது. அதை யாரும் கவனிக்கவுமில்லை. அதிகாரி எழுந்து வந்து, “இஞ்ச பாருங்கோ, நான் சொல்லுறன்,” என்று பைலைச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நானாவுக்கு விளங்கவில்லை. அவர் மறுபடி சொன்னார். அவருக்கு வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. அந்த மனிதரிடமும் பல வருஷமாக யாரும் எதையும் கேட்டதில்லை போலிருக்கிறது. போகும்போது முகம் அப்படி மலர்ந்திருந்தது. என் பாடத்துக்கு நல்ல புள்ளி போட்டவர், வாசலில் திரும்பி, “உந்தச் சாதனத்த மற்றப் பாடங்களுக்கும் பாவிக்கலாம், என்ன?” என்றார்.

பாவித்தோம். மாதம் ஒருமுறை நானா வகுப்புக்கு வந்தார். அவர் வருவதற்கு முதல்நாள் பிள்ளைகள் ஒத்திகைக்காகக் கடையில் குவிந்தார்கள். ஆரம்பத்தில் எதிர்ப்பக்கத்தில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து இந்தப் பக்கத்தில் விளக்கினார்கள். “அங்க அடிச்சி, இங்க வந்து கத்துறாங்க” என்று ராத்தா முறைத்த முறைப்பில் வெட்கப்பட்டு, மெல்ல மெல்லப் பிரிண்டும் இந்தப் பக்கம் வந்தது. தவணை முடிவில் போன் திருத்துற தம்பி இடத்தைப் பார்க்க வந்தபோது, வாசலில் நின்ற கூட்டத்தால் உள்ளே நுழைய முடியவில்லை.

“பொறகு வாங்க தம்பி,” என்றார் ராத்தா. சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற பையனிடம் மெதுவாகக் கேட்டார்: “ஏன் மகன், நீங்க கொண்டாந்ததுல என்னவாம்?”

இப்போது எங்கள் பாடசாலையிலேயே பிரிண்டர் இருக்கிறது. ஆனாலும் நான் நானாவிடம்தான் போகிறேன். அவரிடம் என்ன சொல்வது என்று பஸ்ஸில் நின்றுகொண்டே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

நாளைக்கு இந்தக் கட்டுரையைக் கொண்டுபோக வேண்டும். பூட்டை வைத்து, அதன்மேல் கையை வைத்து, “இதுல என்னவாம் சேர்?” என்று கேட்பார். இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். அதற்கு மட்டும் என்ன சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.