முறை தவறிப் பிடித்த மீன்

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. ஆற்றில் மீன் இருந்தது. மீன் இருந்ததால் கரையில் ஒரு மீன்பிடி பயிற்சி மையமும் இருந்தது. கொக்குக்கு மீன் பிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்று கேட்காதீர்கள். மனிதப் பிள்ளைகளுக்கு மண்ணில் விளையாடவே வகுப்பு நடக்கிற காலம் இது.

அந்தக் காட்டுக் கொக்கு மாசிலாமணி இளவயதிலேயே ஊருக்குப் பிழைக்கப் போய்விட்டது. மீன் சந்தையின் பின்பக்கம் போய் நின்றால் செதிலும் குடலும் தானாக வந்து விழும். குனியத் தெரிந்தால் போதும். அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். திடீரென்று சந்தையை இடித்து, கண்ணாடிக் கதவு போட்ட கடையாகக் கட்டிவிட்டார்கள். அங்கே குடலைக்கூடப் பையில் கட்டி எடுத்துப் போனார்கள். வேறு வழியில்லாமல் கொக்கு குடும்பத்தோடு காட்டுக்குத் திரும்பியது.

கூட்டில் குஞ்சுகள் இரண்டும் பசியில் வாயைப் பிளந்தபடியே இருந்தன.

“ஏங்க, ஆத்துல இறங்கித்தான் பாருங்களேன்” என்றது மனைவி செங்கமலம்.

“டச் விட்டுப்போச்சு செங்கமலம். முறையாக் கத்துக்கிட்டு இறங்குறேன்.”

பயிற்சி மையத்தை நடத்தியது நல்லமுத்து என்ற நீர்நாய். கழுத்தில் விசில், பக்கத்தில் ஒரு பெரிய கூடை. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, விண்ணப்பம் எழுதினால்தான் அதன் முகத்தையே பார்க்க முடியும். விண்ணப்பத்தில் ‘முன் அனுபவம்’ என்ற இடத்தில் உண்டு, இல்லை, இருந்து போனது என்று போட்டிருந்தது. மாசிலாமணி கடைசியை டிக் அடித்தது.

“இதுதான் கஷ்டமான கேஸு” என்று நீர்நாய் உச்சுக் கொட்டியது. “ஒண்ணும் தெரியாதவனுக்குச் சொல்லிக் குடுத்துடலாம் தம்பி. உனக்கு மொதல்ல மறக்கச் சொல்லிக் குடுக்கணும்.”

முதல் வகுப்பு. மாசிலாமணி தண்ணீரில் காலை வைத்தது. ஒரு கெண்டை நெளிந்து போனது. யோசிப்பதற்குள் அலகு பாய்ந்து அதைக் கவ்விவிட்டது. இத்தனை வருஷம் கழித்தும் உடம்பு மறக்கவில்லையே என்று கொக்கு சந்தோஷத்தில் சிறகை அடித்துக்கொண்டது.

அதற்குள் விசில் அலறியது.

“கழுத்து வளைவு தப்பு! மூச்சை எங்க விட்டே? முறை தவறிப் பிடிச்ச மீன் தோஷம். குஞ்சு தின்னா அதுக்கும் கழுத்து கோணிக்கும். கூடையில போடு.”

“போட்டா சரியாயிடுமா மாஸ்டர்?”

“அந்தத் தோஷத்தை நான் பாத்துக்கிறேன்.”

அன்று முதல் மாசிலாமணி பிடித்ததெல்லாம் கூடைக்குப் போனது. மறுநாள் கூடையில் முள்தான் கிடக்கும். மாஸ்டரின் தொப்பை மட்டும் வளர்ந்துகொண்டே போனது. ஊரார் தோஷத்தையெல்லாம் பாவம் இவர் ஒருவரே வயிற்றில் சுமக்கிறாரே என்று கொக்கு உருகியது.

வீட்டில் சின்னக் குஞ்சு அழுவதை நிறுத்திவிட்டது. அழத் தெம்பில்லை. செங்கமலம் கணவனை நேராகப் பார்த்தது.

“நாளைக்கு நீங்க மீனோட வரல, புள்ளைங்கள இழுத்துக்கிட்டு எங்கம்மா இருக்கிற கருவேல மரத்துக்குப் போயிடுவேன்.”

மறுநாள் மாசிலாமணி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது. மாஸ்டர் சொன்னபடி கழுத்தை வளைத்து, மூச்சை அடக்கி, ஒற்றைக் காலைத் தூக்கி நின்றது. கால் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் கழுத்து மாறியது. கழுத்தைத் திருத்துவதற்குள் மீன் போய்விட்டது. ஒரு குண்டு விரால் அதன் காலில் சாய்ந்து சற்று இளைப்பாறிவிட்டுக்கூடப் போனது. சாயங்காலம் வரை ஒன்றும் அகப்படவில்லை.

நீர்நாய் எழுந்து நின்று கைதட்டியது. “இன்னைக்கு ஒரு தப்புகூட இல்ல! பாஸ்!”

ஆலிலைச் சான்றிதழைக் கவ்விக்கொண்டு மாசிலாமணி பயந்து பயந்து வீடு திரும்பியது. கூட்டில் குஞ்சுகள் வயிறு புடைக்கத் தூங்கிக்கொண்டிருந்தன. செங்கமலம் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“நானே போய் இறங்கினேன், கொத்தினேன், வந்துச்சு.”

“கழுத்தை எப்படி வெச்சிருந்தே?”

“உடம்போட சேத்துத்தான். உங்களுக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன், சாப்பிடுங்க.”

மாசிலாமணிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் பசி பெரிது. மீனை வால்வரை விழுங்கியது. விழுங்கி முடித்ததும், மாஸ்டர் ஒருநாளாவது காலை நனைத்து நாம் பார்த்ததுண்டா என்று முதன்முறையாக யோசித்தது. அன்று ராத்திரி அது தூங்கவில்லை.

விடிந்ததும் புருஷன் மீன் பிடிக்கக் கிளம்பியதைப் பார்த்து செங்கமலத்துக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னாலேயே போய்ப் பார்த்தது. அக்கரை மரத்தில் ஆலிலைச் சான்றிதழ் தொங்கியது. அடியில் புத்தம்புதுக் கூடை. கழுத்தில் விசிலோடு மாசிலாமணி, ஊரிலிருந்து திரும்பிய ஒரு மீன்கொத்தியை அதட்டிக்கொண்டிருந்தது.

“என்னங்க, மீன் பிடிக்கலையா?”

“பிடிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்” என்றது மாசிலாமணி. “தம்பி, கழுத்து தப்பு. கூடையில போடு.”

நீதி: ஆற்றில் இறங்கினால் மீன் சிக்கினாலும் சிக்கும், சிக்காமலும் போகும். கரையில் கூடையோடு உட்கார்ந்தால் மீன் பிடிக்கிறவனே சிக்குவான்.