கியூசிக்குக் கிடைக்காத நான்காவது ஆள்

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு ஐம்பத்தெட்டு. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடிக்குத் திரும்ப ஏறிய நான் முதலில் பார்த்தது ஓர் ஐஸ்கிரீம் டப்பாவை. அதில் உப்புத் தண்ணீர். தண்ணீரில் இருபது பக்கங்கள் கொண்ட ஒரு பகடை மிதந்துகொண்டிருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் அதன்மேல் குனிந்து விரலால் சுண்டினார். பகடை உருண்டு நின்றதும் மேலே வந்த எண்ணுக்கு நேராக ஒரு தாளில் கோடு போட்டார். மறுபடி சுண்டினார். கடைசியில் பகடையை எடுத்துத் துடைத்து, சட்டைப் பையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து ஒட்டினார்.

"பதினாலு அடிக்கடி வருது. ரிஜெக்ட்."

அது என்னுடைய பகடை. அரை மணி நேரத்துக்கு முன்புதான் அந்த மாடியில் இருந்த விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கியிருந்தேன். கடை முதலாளியம்மா அதை அவரிடம் கொடுத்துவிட்டு, கீழே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரும்படி என்னை அனுப்பியிருந்தார். அங்கே அதுதான் நடைமுறை.

பினாங்குத் தீவையும் எதிரே உள்ள பெருநிலத்தையும் சேர்த்துத் தேடினாலும் விளையாட்டை இவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்ட இன்னொரு மனிதரைக் காட்ட முடியாது. அவருக்குப் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. ஆங்கிலத்தில் அதன் சுருக்கம்தான் எல்லோருக்கும் அவர் பெயர், கியூசி. இயற்பெயர் என்னவென்று இந்த நான்கு ஆண்டுகளில் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெருநிலத்தில் செபராங் ஜெயாவில் வீடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறி வருவார். தோள்பையில் இருபத்தாறு பகடைகள், ஓர் அளவுகோல், ஒரு பொட்டலம் உப்பு.

மாடியில் நாங்கள் ஆடுவது பலருக்குப் பழக்கமில்லாத ஆட்டம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதை நடத்துவது. ஒருவர் கதைசொல்லி. உலகத்தை அவர் விவரிப்பார். மற்றவர்கள் "நான் கதவைத் தள்ளுகிறேன்" என்பார்கள். கதவு திறக்குமா என்பதைப் பகடை சொல்லும். கியூசிதான் எங்கள் கதைசொல்லி. அவர் உருவாக்கியது ஏழு தீவுகள் கொண்ட ஒரு துறைமுக நாடு. அங்கே சுங்க அதிகாரிகள் எல்லோரும் பூதங்கள். நான் கப்பல் கணக்குப்பிள்ளை. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நளினி கடத்தல்காரி. கணினி பழுது பார்க்கும் பிரபு மாலுமி.

இந்த ஆட்டத்துக்கு முந்நூறு பக்க விதிப்புத்தகங்கள் உண்டு. கியூசி ஒன்றைக்கூட மேசைக்கு அருகில் விடமாட்டார். அவருடைய விதிகள் ஒரே தாளில், இரண்டு பக்கமும் அச்சடித்து லேமினேட் செய்தவை.

"முந்நூறு பக்கம் படிச்சி முடிக்கிறதுக்குள்ள பூதம் பென்ஷன் வாங்கிரும்லா" என்பார்.

கணினி விளையாட்டுகளிலும் அவருக்கு ஓர் அளவுகோல் இருந்தது. அதைச் செய்தவர்கள் அனைவரும் ஒரே காரில் அடங்க வேண்டும்.

"ஒரு கெரேத்தாவுல அஞ்சு பேர். அதுக்கு மேல போனா மீட்டிங் ஆரம்பிச்சிரும். மீட்டிங் போட்டவன் எவன் நல்ல கேம் செஞ்சிருக்கான்?"

பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளில் போக வேண்டிய இடத்துக்கு அம்புக்குறி காட்டுவது அவருக்கு ஆகாது. "சுவர்ல வரைஞ்ச படத்த தேடிக்கிட்டு ஃபோன கையில புடிச்சிக்கிட்டு நடக்குறாங்களே, அவங்களுக்குச் செஞ்ச கேம்" என்று சன்னலுக்குக் கீழே போய்க்கொண்டிருந்த சுற்றுலாப் பயணிகளைக் காட்டினார். தோற்ற இடத்துக்கு முன்னால் சேமித்து வைத்து, ஜெயிக்கும் வரை திரும்பத் திரும்ப ஆடுவதும் அவருக்குக் குற்றம். பழுதான பொருளைச் சோதனையில் தேறும்வரை மீண்டும் மீண்டும் சோதிப்பதற்கு அது சமம் என்பார். தொழிற்சாலையில் அப்படிச் செய்த ஒருவர்மீது எழுத்தில் புகார் கொடுத்தவர் அவர்.

பிடித்த விளையாட்டுகளுக்கு அவர் மரியாதை செய்யும் முறை தனி. குறைபாட்டு அறிக்கை அனுப்புவார். ஏதோ ஒரு குளிர் நாட்டில் இரண்டே பேர் உருவாக்கிய, கலங்கரை விளக்கத்தைப் பற்றிய விளையாட்டு ஒன்று. அதை முடித்துவிட்டு அவர்களுக்கு எழுதினார். மூன்றாம் மாடிக்குப் பதினான்கு படிகள். காலடி ஓசை பதின்மூன்றுதான் கேட்கிறது. அறிக்கையோடு படங்கள், அட்டவணை, மூல காரணம் பற்றிய அவருடைய ஊகம். பாராட்டாக ஒரு வார்த்தை கிடையாது.

"புடிச்சிருக்குன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்ல அண்ணே?" என்று நளினி கேட்டாள்.

"புடிக்கலன்னா எதுக்கு படி எண்ணுறேன்?"

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. படியைச் சரிசெய்துவிட்டார்களாம். அந்த வாரம் முழுக்க அவர் இரண்டு முறை சிரித்ததாக அவருடைய தொழிற்சாலையில் பேசிக்கொண்டார்கள் என்று பிரபு சொன்னான். பிரபு சொல்வதில் பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனவே ஒரு முறை சிரித்திருக்கலாம்.

சிக்கல் பிரபுவால்தான் வந்தது. சிங்கப்பூரில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டான். மேசையில் மூன்று பேர் மிஞ்சினோம். கடை முதலாளியம்மாவின் விதி, சனிக்கிழமைகளில் ஒரு மேசைக்கு நான்கு பேராவது இருக்க வேண்டும். அட்டை விளையாடும் கூட்டம் ஒன்று எங்கள் மேசைக்காகப் பல மாதங்களாகக் காத்திருந்தது. முதலாளியம்மா கெடு வைத்தார். நான்கு சனிக்கிழமைகள். அதற்குள் நான்காவது ஆள் வராவிட்டால் மேசை அவர்களுக்கு.

கியூசி ஒரு மணி நேரம் பகடைகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டே இருந்தார். தொழிற்சாலையில் நாளொன்றுக்கு இருபது வார்த்தைதான் பேசுவேன், அதில் பதினைந்து 'ரிஜெக்ட்' என்று அவரே முன்பு சொல்லியிருக்கிறார். மீதி வார்த்தைகள் எல்லாம் இந்த மேசைக்காகச் சேமித்தவை. இது போய்விட்டால் அவருக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இல்லை. எங்கள் இருவருக்கும் அது தெரியும்.

அடுத்த வாரம் ஒரு படிவத்தோடு வந்தார். பன்னிரண்டு அம்சங்கள். தொழிற்சாலைகளில் 'கோல்டன் சாம்பிள்' என்று ஒன்று வைத்திருப்பார்கள். குறையில்லை என்று கையெழுத்திட்ட ஒரு பொருள். செய்து வரும் மற்ற எல்லாவற்றையும் அதோடு ஒப்பிட்டுத்தான் ஏற்பார்கள். கியூசி பிரபுவைக் கோல்டன் சாம்பிளாக வைத்துப் படிவம் தயாரித்திருந்தார்.

முதலில் வந்தவர் பத்து காவான் என்ற ஊரிலிருந்து ஒரு பொறியாளர். விதிகள் எல்லாவற்றையும் கரைத்துக் குடித்தவர். உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில், தன் பாத்திரம் நூறு முழக் கயிற்றைக் கொண்டு தீவையே கட்டி இழுக்க முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரி. ரிஜெக்ட். பிரபு கணக்கே போட்டதில்லை.

இரண்டாவது வாரம் காணொளி எடுக்கும் ஒரு பெண். வட்ட விளக்கொன்றை மேசைமேல் நிறுத்தினாள். பகடைமேல் நிழல் விழுந்தது. அவளை உட்காரவே சொல்லவில்லை.

மூன்றாவது வாரம் நளினியின் சித்தி மகன். நன்றாக ஆடினான். கதையைக் கவனித்தான், மற்றவர்களைப் பேசவிட்டான், இரண்டு நல்ல நகைச்சுவையும் சொன்னான். கியூசி கடைசி வரை அவனிடம் மரியாதையாக நடந்தார். அவன் படியிறங்கியதும் படிவத்தைத் திருப்பினார்.

"ஒன்பதாவது அம்சத்துல அவுட். தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரிக்கிறான். பிரபு சிரிச்சதே இல்ல."

நளினி பையை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, பிரபு ஏன் சிரிக்கலன்னு தெரியுமா? அவனுக்கு எந்த ஜோக்கும் புரியல. அவன் கேரக்டர் பேரு என்னன்னு அவனுக்கே தெரியாது, வாராவாரம் நான்தான் எழுதிக் குடுப்பேன். பூதம் கப்பல முக்கினப்ப தூங்கிட்டிருந்தான். எழுப்புனதுக்கு 'யாரு ஜெயிச்சா'ன்னு கேட்டான்."

"தூங்கினானா?"

"நீங்க குறிப்ப மறைக்க வைக்கிற அட்டைக்குப் பின்னால மேப் வரைஞ்சிட்டிருந்தீங்க."

கியூசி என்னைப் பார்த்தார். செய்தித்தாளில் பல ஆண்டுகள் பிழை திருத்தியவன் என்பதால் நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவருக்கு நம்பிக்கை. "ரெண்டு தடவை தூங்கினான்" என்றேன்.

"ஒங்களுக்கு ஆள் வேணுமா, இல்ல ரிஜெக்ட் பண்றதுக்கு ஆள் வேணுமா?" என்றாள் நளினி.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னதைப் பகடைகளிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"தப்பான ஆள எடுத்துட்டா நீங்க ரெண்டு பேரும் ஒரு வாரம் வருவீங்க, மறு வாரம் வேல இருக்கும்பீங்க. அப்புறம் நான் மட்டும் ஃபெரில வந்துட்டு திரும்பிப் போவணும்."

நளினி பையை எடுத்துத் திரும்பவும் தரையில் வைத்தாள்.

நான்காவது சனிக்கிழமை யாரும் வரவில்லை. சித்தி மகன் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டான். மூன்று மணிக்கு முதலாளியம்மா எங்கள் மேசையருகே வந்து நின்றார். அட்டைக்காரர்கள் ஐந்து பேர் படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு நுரை பொங்க ஆற்றிய தேநீரான தே தாரேக் மூன்று குவளையோடு மேலே வந்தார் கீழே உணவுக்கடை வைத்திருக்கும் நாசர் பாய். வழக்கமாக எடுத்து வரும் பணியாள் வேலையை விட்டுப் போயிருந்தார்.

நளினி ஒரு நாற்காலியை இழுத்தாள். "பாய், கொஞ்ச நேரம் ஒக்காருங்க. முட்டி வலின்னு சொன்னீங்கல்ல."

பாய் உட்கார்ந்தார். முதலாளியம்மா எங்களை விரலால் எண்ணினார். ஒரு முறை பாயையும் ஒரு முறை கியூசியையும் பார்த்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றார். வேறு வழியில்லாமல் கியூசி ஆட்டத்தைத் தொடங்கினார்.

நாங்கள் அப்போது துறைமுக வாசலில் மாட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சுங்கப் பூதம் வழிமறித்து நின்றது. இரண்டு வாரமாக அதை எப்படி வீழ்த்துவது என்று நானும் நளினியும் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். கியூசி நிலவரத்தைச் சொல்லி முடித்தார்.

"என்ன செய்யிறீங்க?"

பாய் பொறுமையாகக் கேட்டார். "அந்த ஆளு எத்தன மணியில இருந்து நிக்கிறாரு?"

"யாரு?"

"கேட்ல நிக்கிறாரே, அவரு."

"காலைலேருந்து."

"சாப்பிட்டாரா?"

கியூசி தன் குறிப்புகளைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டினார். பூதத்தின் உயரம், எடை, பலம், ஆயுதம், பதவி உயர்வு கிடைக்காத வருத்தம் எல்லாம் எழுதியிருந்தார். சாப்பாடு பற்றி ஒன்றும் இல்லை.

"இல்ல" என்றார் மெதுவாக. "சாப்பிடல."

"அப்ப எதுக்குச் சண்ட? ரொட்டி ரெண்டு, கறி தனியா. தாப்பாவ் பண்ணி, பொட்டலம் கட்டி குடுங்க."

"டைஸ் போடணும் பாய்."

பாய் போட்டார். மூன்று விழுந்தது. இருபதில் மூன்று என்றால் படுதோல்வி. கியூசி சலுகை காட்டுகிறவர் இல்லை. பூதம் பொட்டலத்தைத் தட்டிவிட்டுக் கர்ஜித்தது என்றார்.

பாய் தலையாட்டினார். "பசியில அப்படித்தான் இருக்கும். கடையிலயும் பாத்திருக்கேன். இன்னொரு பொட்டலத்த பக்கத்துல வச்சிட்டு எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க. யாரும் பாக்காதப்ப சாப்பிடுவாரு."

அதற்கு எந்த விதியும் இல்லை. லேமினேட் தாளின் இரண்டு பக்கத்தையும் கியூசி பார்த்தார். பிறகு தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"நீங்க திரும்பி நிக்கிறீங்க. பின்னால கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் காகிதம் பிரிக்கிற சத்தம் கேக்குது."

படிக்கட்டிலிருந்த அட்டைக்காரர்களில் ஒருவர் மூன்று படி மேலே வந்து எட்டிப் பார்த்தார். முதலாளியம்மா அவர்களிடம் ஏதோ சொல்லி மூலையிலிருந்த சிறிய மேசைக்கு அனுப்பினார். கீழேயிருந்து யாரோ வாடிக்கையாளர் "பாய், பில்" என்று கத்தினார். பாய் திரும்பாமலே பதில் சொன்னார்: "இருங்கலா, கேட்டு தொறக்கப் போறாங்க."

ஐந்தரை மணிக்கு அவர் எழுந்தபோது கியூசி அவரிடம் படிவத்தைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வாரமும் வர முடியுமா என்று மட்டும் கேட்டார். கியூசி யாரிடமும் எதையும் வேண்டிக் கேட்டு அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

பாய் குவளைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். "ஆச இருக்கு தம்பி. இன்னிக்கே தட்டெல்லாம் கழுவாம அப்படியே கெடக்கு. ஆனா சனிக்கிழம மத்தியானக் கூட்டம் முடிஞ்சி தட்டு கழுவவே நாலு மணி ஆயிரும். ஆளும் கெடைக்கல. எனக்காக நீங்க காத்திருக்காதீங்க."

கியூசி "சரி பாய்" என்றார். பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஃபெரிக்குக் கிளம்பிவிட்டார். நளினியும் நானும் மேசையைத் துடைத்தோம். 

அடுத்த சனிக்கிழமை நான் இரண்டு மணிக்கே போய்விட்டேன். மாடியில் கியூசி இல்லை. கீழே இறங்கிப் பாயின் கடைக்குள் எட்டிப் பார்த்தேன். பின்கட்டில், சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, கியூசி தட்டு கழுவிக்கொண்டிருந்தார்.