நான் திருத்திக் கொடுத்த போஸ்டர்

“…அதெல்லாம் அப்புறமா பேசிக்கலாம் தங்கச்சி. செத்துப்போன பையன் எப்படி டிரம்ஸ் அடிக்கிறான்? அத மட்டும் மொதல்ல சொல்லு.”

கேட்டவர் மாணிக்கம் அண்ணன். செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர். அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார், கையில் ஒரு ரோஜா மாலை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எங்கள் தாமான் குடியிருப்பின் பொது மண்டபம் (பாலாய் ராயா என்றால்தான் ஊரில் தெரியும்). மேடையில் கவினேஷ் என்ற பையன் முடி பறக்க டிரம்ஸ் அடித்துக்கொண்டிருந்தான். எதிரே நூற்றுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் வெள்ளை உடுப்பில், வாயைப் பிளந்தபடி நின்றார்கள்.

கவினேஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல ஆரோக்கியமான பிள்ளை. அவனைக் கொன்றது நான்தான். முந்தைய வெள்ளிக்கிழமை காலையில், என் கடையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் மௌஸைப் பிடித்துக் கொன்றேன். அவனோடு சேர்த்து இன்னும் மூன்று பேரை.

குவாலா சிலாங்கூரில் எனக்கு ஒரு பேனர் கடை இருக்கிறது. மூன்றாம் படிவத்தோடு (ஒன்பதாம் வகுப்பு) பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். டிசைன் வேலையை நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து, திருவிழா, மரண அறிவிப்பு என்று எது வந்தாலும் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிடுவேன். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது. அதுதான் இந்தக் கதையின் முதல் குற்றவாளி.

மாணிக்கம் அண்ணனின் மகள் தர்ஷினி ரவாங்கில் ஒரு கல்லூரியில் வீடியோ எடுக்கிற படிப்புப் படித்தாள். அண்ணனுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. “பாட்டுக்கு ஆடறத படம் புடிக்க மூணு வருசமா? நான் மூணு நிமிசத்துல புடிப்பேன்” என்று எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தத் தவணையில் ஒரு பாடம் தவறினாலும் படிப்பை நிறுத்திவிட்டு ரவாங் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அவருடைய உத்தரவு. வேலை மனுவைக்கூட வாங்கி வைத்துவிட்டார். ஒரு மாதமாக அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு இல்லை.

அந்த ஒரு பாடம்தான் ராக் பாட்டு வீடியோ. தர்ஷினி இயக்கம், வகுப்பு நண்பர்கள் நாலு பேர் இசைக்குழு. வீடியோவுக்கும் அதன் விளம்பரத்துக்கும் தொழில்துறை ஆள் ஒருவர் மதிப்பெண் போட வேண்டும். பிறகு ஊர்க்காரர்கள் ஐம்பது பேருக்காவது திரையிட்டு அவர்களிடம் கருத்துப் படிவம் வாங்க வேண்டும். ஐம்பது படிவம் சேராவிட்டால் பாடம் தோல்வி.

“ஆண்ட்டி, ப்ளீஸ்லா, நீங்கதான் மார்க் போடணும்.”

“நான் எங்கடி தொழில்துறை? எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழில்துறை எங்கம்மா வெட்டுன ரப்பர் பால்மரந்தான்.”

“நீங்க பிரிண்டிங் இண்டஸ்ட்ரி ஆண்ட்டி!”

இண்டஸ்ட்ரி! அந்த வார்த்தை என் மண்டைக்குள் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. இந்தப் பிள்ளையைத் தோற்க விடுவதில்லை என்று அந்த நொடியே முடிவு செய்தேன். நான் முடிவு செய்துவிட்டால் பிறகு யார் சொன்னாலும் நிற்க மாட்டேன் (நின்றிருக்கலாம்).

வீடியோவை ஒன்பது தடவை பார்த்தேன். சுங்கை புரோங் நெல்வயலில் எடுத்திருந்தார்கள். நாலு பேரும் கறுப்பு உடுப்பில், உச்சி வெயிலில், யாரோ வீட்டைப் பறித்துக்கொண்ட மாதிரிக் கத்தினார்கள். “ஏன்டி எல்லாரும் கோவமா இருக்காங்க?” என்று கேட்டேன். “ராக் ஆண்ட்டி, அப்படித்தான்” என்றாள். மதிப்பீட்டுப் படிவத்தில் நான் எழுதிய குறிப்புகள் இன்றும் தர்ஷினியிடம் பத்திரமாக இருக்கின்றன. சில:

கிதார் பையன் கண்ணில் வெயில் அடிக்கிறது. குடை பிடித்திருக்கலாம்.

பாடுகிற பெண் கத்தும்போது பின்னால் கொக்குகள் பறக்கின்றன. மிக அழகு. (திட்டமிட்டதா, பயந்து பறந்ததா என்று தெரியவில்லை.)

பாட்டின் வரிகள் புரியவில்லை. கோபம் புரிகிறது.

ஐந்துக்கு நாலு போட்டேன். மனசார. வீடியோ உண்மையிலேயே நன்றாக இருந்தது. ஒன்பதாவது தடவை எனக்கே கோபம் வந்து மேஜையைத் தட்டினேன்.

போஸ்டர்தான் வம்பு. மண்டை ஓடு, தீ, மின்னல், முள் முளைத்த எழுத்து. பெயரையும் படிக்க முடியவில்லை, தேதியையும் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு மதிப்பெண் போட்டேன். தர்ஷினியின் முகம் விழுந்துவிட்டது.

“இதப் பாத்தா நம்ம ஊருல ஒருத்தரும் வர மாட்டாங்கடி.”

“திருத்த டைம் இல்ல ஆண்ட்டி. சண்டே ஷோ.”

“கொண்டா இங்க.”

மதிப்பெண் போடுகிறவர் வேலையில் கை வைக்கக் கூடாது என்று படிவத்திலேயே எழுதியிருந்தது. வாசித்தேன். வாசித்துவிட்டுக் கை வைத்தேன்.

மண்டை ஓட்டைத் தூக்கினேன். தீயை அணைத்தேன். பின்னணி கறுப்பாகவே இருக்கட்டும் என்று பிள்ளைகள் கெஞ்சியதால் கறுப்பை விட்டுவிட்டேன். அந்தக் கறுப்பில் கலர் படம் எடுபடவில்லை, அதனால் நாலு முகத்தையும் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். சதுரப் படம் முரட்டுத்தனமாக இருந்தது. என் கம்ப்யூட்டரில் தயாராக இருந்த முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஒவ்வொரு முகத்தையும் வைத்தேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, ராக் ஆயிற்றே! கீழே முழுப்பெயர், தந்தை பெயர். அதற்குக் கீழே ஞாயிறு பிற்பகல் 3 மணி, பாலாய் ராயா. ஊர்ப்பிள்ளை பெயரைப் பார்த்தால் நம்ம சனம் வரும் என்று ‘தகவல்: தர்ஷினி த/பெ மாணிக்கம்’ என்று போட்டு, என் கடை நம்பரையும் சேர்த்தேன். கடைசி வரியைக் கை தானாகவே போட்டது: ‘உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவரும் இத்தகவலை ஏற்றுக்கொள்ளவும்.’

ஒன்பது நிமிடம். என் சாதனை.

தர்ஷினி போனில் பார்த்துவிட்டு, “ஆண்ட்டி, செம க்ளீனா இருக்கு!” என்றாள். இசைக்குழுவுக்கு அனுப்பினாள். அவர்களும் இவ்வளவு இருட்டான போஸ்டரை வாழ்க்கையில் பார்த்ததில்லை என்று கொண்டாடினார்கள். அந்த வயதில் மரண அறிவிப்பை யார் படிக்கிறார்கள்? நான் என் படிவத்தை எடுத்து, விளம்பரத்துக்குப் போட்டிருந்த இரண்டை அடித்துவிட்டு, ஐந்து போட்டேன். (என் வேலைக்கு நானே.) பிறகு என் போனில் இருக்கிற அத்தனை வாட்ஸ்அப் குழுவுக்கும் அனுப்பினேன். கோயில் குழு, தாமான் குழு, தோட்டத்துப் பள்ளிப் பழைய மாணவர் குழு, ஒன்றையும் விடவில்லை.

லோரி ஓட்டுகிற என் வீட்டுக்காரர் மதியச் சோற்றுக்கு வந்தவர், போனை எட்டிப் பார்த்தார். “ஐயோ, யாரு பெத்த பிள்ளைங்களோ” என்று பெருமூச்சு விட்டுவிட்டு, சாப்பிடாமல் லோரிக்குத் திரும்பிப் போய்விட்டார். டிசைன் மனுஷனை உலுக்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

குழுக்களில் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. எங்கள் ஊரில் யாரும் எழுத்தைத் தட்ட மாட்டார்கள், கைதான் போடுவார்கள். தஞ்சோங் காராங் லெட்சுமி அக்கா மட்டும் போன் போட்டார்.

“சரசு, பாத்தேன். மனசே சரியில்ல. நாலும் வெளியூர்ப் பிள்ளைங்களாமே?”

“ஆமாக்கா. ஒண்ணு ஈப்போ, மத்தது எல்லாம் ஜொகூர். நம்ம தர்ஷினியத் தவிர இங்க அவங்களுக்கு யாரும் இல்ல.”

“இந்த வயசுல…”

“இந்த வயசுல இப்படி ஒரு காரியம் பண்ணியிருக்காங்கன்னா பாத்துக்குங்களேன்!”

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: “ஆளில்லாம போயிடக் கூடாது சரசு. நான் எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரேன்.”

ராக் பாட்டுக்கு இப்படி ஓர் அன்பா! எனக்கு மெய்சிலிர்த்தது. இரண்டு நாளில் ஊர்ப்பேச்சில் அந்த நாலு பேரும் ஒரே காரில் போய், ஒரே மரத்தில் மோதி, ஒரே ஆஸ்பத்திரியில் உயிரை விட்டது எனக்குத் தெரியாது.

ஞாயிறு இரண்டு மணிக்கே கூட்டம் சேர்ந்துவிட்டது. யாரோ நாலு பெட்டி மினரல் வாட்டர் இறக்கினார்கள். தோட்டத்திலிருந்து ஒரு லோரி நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லோரும் வெள்ளையில் வந்திருப்பதைப் பார்த்து, இசைக்குழு கறுப்பு, நாம் வெள்ளை என்று பேசி வைத்துக்கொண்டார்கள் போல என்று வியந்தேன். (இப்படியும் ஒரு மூளை இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தது.) “இன்னும் வரலையா?” என்று ஒருவர் காதில் கேட்டார். “வந்தாச்சு, திரைக்குப் பின்னால இருக்காங்க” என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லோரியின் முன்பக்கத்திலிருந்து மாணிக்கம் அண்ணன் மாலையோடு இறங்கினார். இரண்டு நாளாக மகளுக்குப் போன் அடித்திருக்கிறார். அவள் வேலை மும்முரத்தில் எடுக்கவே இல்லை. நேராக அவளிடம் போய், தலையைப் பிடித்து மார்போடு சேர்த்துக்கொண்டு, “அப்பா இருக்கேன்மா. தைரியமா இரு” என்றார். ஒரு மாதமாகப் பேசாத அப்பா தன் படத்தைப் பார்க்க ஊரையே திரட்டி வந்துவிட்டார் என்று தர்ஷினி தேம்பித் தேம்பி அழுதாள். அவள் அழுவதைப் பார்த்துக் கூட்டமும் அழுதது. நானும் அழுதேன். மண்டபத்தில் அழாதவர் கல்லூரியிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவர்தான். அவர் எதையோ வேகமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

வீடியோ ஓடியது. “எவ்ளோ துடிப்பா இருந்திருக்கான் பாரு” என்று ஒரு குரல். கொக்குகள் பறந்தபோது லெட்சுமி அக்கா விம்மி அழுதார். பாட்டு முடிந்தது. தர்ஷினி திட்டமிட்டபடி திரை விலகியது. நாலு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்து குதித்தார்கள்.

அதன் பிறகு எழுந்த சத்தத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. “முருகா!” என்று ஒருவர் நாற்காலி மேல் ஏறினார். இரண்டு பேர் வாசலுக்கு ஓடினார்கள். கவினேஷ் அதை ரசிகர்களின் ஆரவாரம் என்று நம்பி இன்னும் பலமாக அடித்தான். அப்போதுதான் மாணிக்கம் அண்ணன் என் பக்கம் வந்தார். நான் ஏதோ வணக்கம், சாப்பாடு என்று உளற ஆரம்பித்ததும்தான் அந்தக் கேள்வி.

மாலையைப் பார்த்தேன். எழவு வீட்டுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். சுவரில் ஒட்டியிருந்த என் போஸ்டரைப் பார்த்தேன். முதல் தடவையாக அதைப் பார்த்தேன்.

“அண்ணே… சாகல. யாரும் சாகல. நான் போட்ட போஸ்டருதான் அப்படி ஆயிருச்சு.”

“தர்ஷினிக்குத் தெரியுமா?”

“தெரியாதுண்ணே. நீங்க அது படத்தப் பாக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சுத்தான் புள்ள அழுதுச்சு.”

அவர் மாலையை ஒரு நாற்காலியில் வைத்தார். கவினேஷின் கை நின்றது. “எழவு விசயத்துல வெளையாட்டா?” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார். நாற்காலிகள் நகர்ந்தன. மேடையோரத்தில் தர்ஷினி கருத்துப் படிவங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளுத்துப்போய் அப்பாவையே பார்த்தாள். ஐம்பது படிவம். ஒன்றுகூட எழுதப்படவில்லை. கூட்டம் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

(அவர் யோசித்த அந்த அரை நிமிடத்தில் இதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். இன்றும் கல்யாண பேனருக்கு வருகிறவர்கள், “அக்கா, பல்லு தெரியற படமாப் போடுங்க, கலர்லயே இருக்கட்டும்” என்று கேட்டு வாங்குகிறார்கள். நான் எந்த டிசைனைக் காட்டினாலும் என் வீட்டுக்காரர், “ஆளு இருக்காரா?” என்று விசாரித்த பிறகுதான் கண்ணாடியைப் போடுகிறார். அந்த நாலு பிள்ளைகளும் தீபாவளிக்குத் தீபாவளி போன் செய்கிறார்கள்: “ஆண்ட்டி, இன்னும் உசுரோடதான் இருக்கோம்.”)

மாணிக்கம் அண்ணன் திரும்பினார்.

“எல்லாரும் ஒக்காருங்க!”

விடியற்காலைப் பெரட்டில் நின்று வேலைக்கு ஆள் பிரிக்கிற குரல் அது. மைக் தேவைப்படவில்லை. மண்டபமே உட்கார்ந்தது. விரிவுரையாளர் உட்கார்ந்தார். டிரம்ஸுக்குப் பின்னால் ஏற்கனவே உட்கார்ந்திருந்த கவினேஷ்கூட இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தான்.

“நாலு புள்ளைங்களும் உசுரோட இருக்காங்க. அதுல யாருக்காச்சும் வருத்தம்னா எந்திரிச்சுப் போலாம். வாசல் அங்க இருக்கு.”

யாரும் எழவில்லை. அவர் மகளிடம் போய்ப் படிவங்களை வாங்கினார். வரிசை வரிசையாக அவரே கொடுத்தார், பேனா இல்லாதவர்களுக்குப் பக்கத்து ஆளிடம் பிடுங்கிக் கொடுத்தார். போதாததற்கு என்னைக் கடைக்கு விரட்டி இன்னும் நூறு நகல் எடுத்துவரச் சொன்னார். மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது லெட்சுமி அக்கா மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொண்டிருந்தார். ‘விளம்பரம் உங்களை இந்நிகழ்ச்சிக்கு வரத் தூண்டியதா?’

“இதுக்கு என்னண்ணே போடறது?”

“உண்மையப் போடு. நீ எதப் பாத்து வந்த?”

“போஸ்டரப் பாத்துத்தான்.”

“வராம இருந்திருப்பியா?”

“எப்படிண்ணே வராம இருக்க முடியும்?”

“அப்ப அஞ்சு போடு.”

அந்த வரிசை முழுக்க ஐந்து போட்டது. அடுத்த வரிசையும். எல்லாவற்றையும் திரட்டி, ஓரம் தட்டி அடுக்கிக்கொண்டு, மாணிக்கம் அண்ணன் விரிவுரையாளரின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படிவக் கட்டை விரிவுரையாளரின் மடியில் வைத்தார்.

“எண்ணிப் பாத்துக்குங்க சார். அடுத்த செமஸ்டருக்கு எம்மவளுக்கு எத்தன பேரு வேணும்? இப்பவே சொல்லிட்டா லோரிக்குச் சொல்லி வச்சிருவேன்.”