ஓட்டுவது யார்

"வண்டியை ஓட்டறது ஒண்ணும் பெரிசில்லை, மாப்பிள்ளை..."

கல்யாணத்தன்று மாமனார் இப்படித்தான் ஆரம்பித்தார். ஆயுள் முழுக்கப் பேருந்து ஓட்டியவர். எதிரில் நிற்பவரிடம் பேசுவதே ஹாரன் அடிப்பதுபோல இருக்கும். ஆனாலும் அந்த வாக்கியத்தின் பின்பாதி, யாரோ நாற்காலிகளை இழுத்த சத்தத்தில் அடிபட்டுப் போய்விட்டது. மாப்பிள்ளைக்கு அதில் வருத்தமில்லை. பின்பாதியை அவ்வப்போது தானே நிரப்பிக்கொண்டார். சம்பளம் உயர்ந்த வருடங்களில் "முன்னேறறதுதான் பெரிசு." உயராத வருடங்களில் "பொறுமைதான் பெரிசு." மனிதர் மிகுந்த பொறுமைசாலி என்று அலுவலகத்தில் பெயர் எடுத்துவிட்டார்.

அவருக்கு இன்னொரு பெயரும் உண்டு: பாடம். தண்ணீர்ப் பம்பு செய்து விற்கும் கம்பெனியில், புகார்ப் பிரிவில் துணை மேலாளர். லிஃப்ட் நின்றுபோனால் மற்றவர்கள் படியேறுவார்கள். இவர் முதல் படியிலேயே நின்று, "இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு" என்பார். பின்னால் வருகிறவர்கள் பாடம் முடிந்த பிறகுதான் மாடிக்குப் போக முடியும்.

இப்படிப்பட்டவருக்குக் காலம் கனிந்தது. பாலைவனத்தைக் காலால் ஓடிக் கடந்த ஒருவரின் சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்த பெரிய மேலாளர், மறுநாளே எல்லாரையும் கூட்டி அறிவித்தார்.

"பயிற்சிப் பிரிவுக்கு ஒரு தலைவர் போடப்போறேன். பட்டம் வேண்டாம். உடம்பு நொந்த அனுபவம் வேணும், அதுலேர்ந்து எடுத்த பாடம் வேணும். ரெண்டும் இருக்கறவங்க செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துல வந்து பேசலாம். எந்தச் செவ்வாய்க்கிழமையானாலும் சரி."

பாடத்திடம் பாடங்கள் ஏராளமாக இருந்தன. உடம்பு நோவதுதான் பாக்கி. பதினோரு வருடமாகப் பதவிப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த 'துணை' என்ற சொல்லைக் கழற்றிப் போட இதைவிட்டால் வேறு வழி கிடையாது. கொஞ்சம் நொந்துகொள்வது என்று தீர்மானித்தார்.

முதலில் ஓட்டம். விடிந்ததும் புதுக் காலணியோடு கிளம்பினார். அரை மணி கழித்துப் பக்கத்து வீட்டுப் பல் மருத்துவர் வாசலில் வந்து அவரைத் தேடினார்.

"சார் இல்லீங்களா?"

"ஓடிப் போயிட்டாரு" என்றாள் மனைவி.

பல் மருத்துவர் வாயை மூடவில்லை. "எப்ப வருவாரு?"

"பசிச்சா வந்துடுவாரு."

பசிப்பதற்கு முன்பே வந்துவிட்டார். தெருமுனை மருந்துக் கடையிலிருந்து ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மட்டும் தரையில் வைத்து வந்தார். அதற்கு முந்தின நாள்தான் 'வலி என்பது வெறும் கருத்து' என்று எழுதி அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்தார்.

"எந்தக் கால்ல கருத்து?" என்று கேட்டாள் மனைவி, தைலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு.

அந்த அம்மாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியை. பயிற்சிக் காரில் ஆசிரியரின் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்குமே, இருபது வருடமாக அதன்மேல் காலை வைத்தே சம்பாதித்தவள். லாரிக்கு அடியில் போகவிருந்தவர்களையெல்லாம் முகம் மாறாமல் நிறுத்தியிருக்கிறாள். மாணவர்கள் 'பிரேக் மேடம்' என்பார்கள். ஸ்டியரிங் யார் கையில் இருந்தாலும் வண்டி நிற்குமிடம் அவள் சொல்கிற இடம்தான். வீட்டிலும் நிலவரம் ஏறக்குறைய இதுவே.

ஓட்டம் ஒத்துவராது என்று தெரிந்ததும் பாடம் சைக்கிளுக்குத் தாவினார். மலையில் தொடங்கிக் கடலில் முடியும் ஆறு நாள் சைக்கிள் பயணம் ஒன்றை யாரோ நடத்துகிறார்கள். சைக்கிளில் போகிற ஒவ்வொருவருக்கும் பின்னால் தண்ணீர், டியூப், மாற்று உடை ஏற்றிய வேனோடு ஒரு துணை வர வேண்டும் என்பது விதி. விலையைச் சொன்னால் குடும்பத்தில் கலவரம் ஏற்படக்கூடிய ஒரு சைக்கிளையும் வாங்கிக் கூடத்தில் நிறுத்தினார். பிறகு மனைவியிடம் தேனாகப் பேச உட்கார்ந்தார்.

"நீ வேனை எடுத்துக்கிட்டு என் பின்னாலேயே வரணும்."

"ஆறு நாளா? சைக்கிள் வேகத்துலயா?"

"துணைங்கறது லேசுப்பட்டதில்லை. முன்னால போறவனை உலகம் பாக்கும். ஆனா அவனைப் போகவைக்கிறது யாரு? துணைதான். உண்மையான வீரர் துணைதான்."

"வீரருக்கு என்ன கிடைக்கும்?"

"திருப்தி."

"சைக்கிள்ல போறவங்களுக்கு?"

"பதக்கம்."

"அவங்களுக்குத் திருப்தி கிடையாதா, பாவம்?"

"அது பதக்கத்தோட சேர்ந்தே வந்துடும்."

மனைவி எழுந்து பசை டப்பாவைத் தேடி எடுத்தாள். "வண்டியை ஓட்டறது ஒண்ணும் பெரிசில்லைன்னு உங்கப்பாவே சொல்லியிருக்காரு" என்று அவர் மாமனாரைத் துணைக்கு இழுத்தார். "துணையா வர்றதுதான் பெரிசுன்னு."

"அப்பா அப்படிச் சொல்லலை. 'வண்டியை ஓட்டறது ஒண்ணும் பெரிசில்லை, நிறுத்தத் தெரியணும்'னாரு. வண்டியை மட்டும் சொன்னாரா, பேச்சையும் சேர்த்துச் சொன்னாரான்னு எனக்கு இன்னி வரைக்கும் சந்தேகம்."

பேச்சை நிறுத்தி, பெயர் பதிவு செய்யத் தொலைபேசியை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தார். எதிரில் மனைவி, பிய்ந்துபோன 'பயிற்சி வாகனம்' பலகைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம் சார். பதிவுக்கா? ஓட்டப்போறது யாரு?" என்றது ஒரு பெண் குரல்.

பாடம் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டார். "பாத்தியா, எடுத்த எடுப்புல வேனைப் பத்திக் கேக்கறாங்க. பாதுகாப்புன்னா இது பாதுகாப்பு." கையை எடுத்தார். "ஓட்டறது என் மனைவிங்க. அதுல நீங்க கவலையே பட வேண்டாம். இருபது வருஷமா அவங்களுக்கு ஓட்டறதுதான் வேலை."

"அடேங்கப்பா. அப்ப கூட வர்றது நீங்களா சார்?"

"பின்னே? நான் வராமலா?"

"மேடம் உயரம் எவ்வளவு சார்?"

"அஞ்சடி ரெண்டு அங்குலம். கால் எட்டாட்டி சீட்டைச் சரி பண்ணிப்பாங்க. அதெல்லாம் பழக்கம்தான்."

"ரொம்ப நல்லது சார். மருத்துவப் பரிசோதனைக்கு மேடத்துக்கே தகவல் அனுப்பிடறோம். அவங்க நம்பர் குடுங்க."

வேன் ஓட்டுகிறவரின் கண்பார்வையைச் சோதிக்கிறார்கள் போலும் என்று மெச்சிக்கொண்டே நம்பரைக் கொடுத்தார். மனைவி பலகையை ஒட்டி அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"யார் ஓட்டறதுன்னு தெளிவா சொல்லிட்டீங்க இல்ல?"

"உன் எதிர்லதானே சொன்னேன். நீதான் ஓட்டறேன்னு சொல்லிட்டேன்."

"அப்புறம் மாத்திப் பேசக்கூடாது."

"நான் என்னிக்கு மாத்திப் பேசியிருக்கேன்?"

"சரி" என்றாள். அந்த ஒரு 'சரி'யில் பசை தடவியதுபோல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. பாடம் கவனிக்கவில்லை. மேடையில் எந்தப் பக்கம் திரும்பி நின்றால் முகம் எடுப்பாக இருக்கும் என்று யோசிக்கப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு மாதம் கடும் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிளைத் தெருமுனை வரை ஓட்டிப் போய், அங்கே பல் மருத்துவரை விட்டு அலுவலகத்தில் காட்டப் படம் எடுக்கச் சொல்லி, ஓட்டிக்கொண்டு திரும்புவார். ஒரு விஷயம் மட்டும் விசித்திரமாக இருந்தது. எத்தனை முறை உயர்த்தி வைத்தாலும் மறுவாரம் சைக்கிள் இருக்கை கீழே இறங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஏன் என்று கேட்டிருப்பார்கள். இவர் அதிலிருந்து பாடம் எடுத்தார். 'வாழ்க்கை நம்மைத் தாழ்த்திக்கொண்டே இருக்கும். நாம் உயர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்' என்று பலகையில் ஒட்டினார். பெரிய மேலாளர் அதன் எதிரில் நின்று கண் கலங்கியதாகத் தகவல். டயர் தேய்ந்திருந்தது, 'உழைப்பு தடம் விடும்' என்று ஒட்டினார். சக்கரத்தில் ஒருநாள் செம்மண் இருந்தது. தெருவில் செம்மண் எங்கே இருக்கிறது என்று யோசிக்காமல், 'மண்ணை மறவாதே' என்று அதையும் ஒட்டினார்.

மனைவி அந்த நாட்களில் விடிவதற்குள் கிளம்பிவிடுவாள். சீக்கிர வகுப்பு என்றாள். அவர் எழுந்திருக்கும்போது அவள் திரும்பி வந்து குளித்தும் முடித்திருப்பாள். அவர் சாப்பிடுவதைவிட இருமடங்கு சாப்பிட்டாள். அதிலிருந்து மட்டும் அவருக்கு ஒரு பாடமும் தோன்றவில்லை.

பயண நாள் வந்தது. மலையடிவாரத்துப் பள்ளி மைதானத்தில் மேசை போட்டு எண் தகடுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாடம் புத்தம் புதிய இறுக்கமான சட்டையில் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். மேசையில் இருந்த பெண் பெயர்களைப் பார்த்துவிட்டு அவரிடம் ஒரு மஞ்சள் மேலங்கியை நீட்டினாள். முதுகில் கொட்டை எழுத்தில் 'துணை'.

"இல்லம்மா. நான் சைக்கிள்."

"இல்ல சார். நீங்க வேன். ஓட்டறது மேடம்."

"ஆமா, வேன் ஓட்டறது மேடம்."

"சைக்கிள் ஓட்டறது மேடம். நீங்கதானே சார் ஃபோன்ல சொன்னீங்க? இருபது வருஷமா அவங்களுக்கு ஓட்டறதுதான் வேலைன்னு. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் சொல்லி ஆச்சரியப்பட்டோம்."

பாடம் திரும்பினார். வேனுக்குப் பக்கத்தில் மனைவி தலைக்கவசத்தின் வாரை மாட்டிக்கொண்டிருந்தாள். சைக்கிள் இருக்கை அவள் உயரத்துக்குக் கச்சிதமாக இறங்கியிருந்தது.

"அப்ப அந்த சீட்டு..." என்றார்.

"நீங்க ஏத்தி ஏத்தி வச்சீங்க. நான் வாரா வாரம் எறக்க வேண்டியதாப் போச்சு."

"அந்தச் செம்மண்?"

"ஏரிக்கரை. அந்தப் பக்கம் ஏத்தம் நல்லாயிருக்கும்."

"ஃபோன்ல அவங்க தப்பாப் புரிஞ்சுக்கறாங்கன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"கேட்டேனே. தெளிவா சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். மாத்திப் பேசக்கூடாதுன்னும் சொன்னேன். ஒரு ஆளுக்கு எத்தனை தடவைதான் சிக்னல் போடறது?"

அவர் மேசைக்கு ஓடினார். ஆளை மாற்ற முடியுமா? முடியாது, மேடத்தின் இதயத்தையும் மூச்சையும் மருத்துவர் போன வாரமே பரிசோதித்து, பிரமாதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சாரிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தால் போதும். இருந்தது. அவளிடம் படித்து, மூன்றாம் முறை வாங்கியது.

திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இது என் பதவி விஷயம். உனக்கு இதுல என்ன?"

மனைவி கையுறையை இழுத்து மாட்டினாள். முதல்முறையாக அவள் குரலில் கிண்டல் இல்லை. "இருபது வருஷமா அடுத்தவங்க ஓட்டறதைப் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன். என் கால் பிரேக்லயேதான் இருந்திருக்கு. ஒரு தடவை நிறுத்தாம ஓட்டிப் பாக்கணும்போல இருந்துச்சு." பிறகு பழையபடி ஆனாள். "நீங்களும் குறைஞ்சு போகலையே. உண்மையான வீரர் நீங்கதான். போய் மேலங்கியைப் போட்டுக்குங்க."

விசில் ஊதினார்கள். அவள் போய்விட்டாள். வேனில் அவளுக்கான தண்ணீர் இருந்தது.

ஆறு நாள் பாடம் பின்னால் போனார். வாழைப்பழம் உரித்துக் கொடுத்தார். டியூப் மாற்றினார், முதல் தடவை உள்ளே வெளியே தெரியாமல். இரண்டாம் நாள் மலைப்பாதையில், மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தவள் திரும்பாமலேயே கத்தினாள்: "கிளட்சை மெதுவா விடுங்க, அழுவுது." மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் அவள் தொடை பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தபோது, 'வலி என்பது' என்று தொடங்கப்போனவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தைலம் தேய்த்தார். எழுந்தாள். ஓட்டினாள். ஆறாம் நாள் மத்தியானம் கடல் தெரிந்தது. கழுத்தில் பதக்கத்தோடு வந்து, வேன் கதவில் சாய்ந்து அவர் கொடுத்த தண்ணீரைக் குடித்தாள்.

அப்போது பெரிய மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்ன பாடம், கடலைப் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு சார்."

"முடிச்சிட்டீங்களே. வர்ற செவ்வாய்க்கிழமை நீங்க பேசறீங்க, அங்கேயே பதவியை அறிவிக்கறேன். நம்ம ஆபீஸ்ல சிலருக்கு நம்பிக்கையில்ல. அதனால ஒரு வார்த்தை உங்க வாயால சொல்லிடுங்க. ஆறு நாளும் ஓட்டினது நீங்கதானே?"

பாடத்தின் மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. ஆறு நாளும் ஓட்டினார்தானே? மலையிலிருந்து கடல் வரை, ஒரு கிலோமீட்டர் விடாமல், தன் கையாலேயே ஓட்டினார். எதை என்று மேலாளர் கேட்கவில்லை. தமிழ் எவ்வளவு தாராளமான மொழி என்று உடம்பு சிலிர்த்தது. வாயைத் திறந்தார்.

மனைவி பாட்டிலை மூடினாள்.

"ஏங்க" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "பொய் சொல்லி ஏமாத்தினாலாவது ஒரு சாமர்த்தியம்னு விட்டுடலாம். உண்மையைச் சொல்லி ஏமாத்த உங்களுக்கு வரவே வராது. எங்க ஓட்டுநர் பள்ளியில படிக்கிற உங்க பெரிய மேலாளர் மனைவி நேத்தே எனக்கு ஃபோன் பண்ணிக் கேட்டுட்டாங்க, இன்னும் எத்தனை நாளைக்கு வகுப்பு இல்லை, மேடம் சைக்கிள் ஓட்டி முடிச்சாச்சான்னு."

"ஹலோ? பாடம்? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தார். செவ்வாய்க்கிழமை பேசுவதற்கு மனைவியை அழைத்து வருவதாகவும், தான் புகார்ப் பிரிவிலேயே இருந்துகொள்வதாகவும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தார்.