கண்ணாடிக் கடைக்காரரின் கொரியப் பாடம்

"மோ மொகொஸ்ஸோ?"

கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டு, என்ன சாப்பிட்டாய் என்று மனைவியிடம் கொரிய மொழியில் கேட்டார் கண்ணாடிக் கடைக்காரர்.

மனைவி இயர்போனைக் கழற்றினாள். எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே" என்று முணுமுணுத்துவிட்டுப் போனாள்.

ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர். மூன்று மாதமாகச் சொந்த மனைவியின் கண்ணில்தான் படவில்லை. அவள் கண் முழுக்க ஒரு கொரியத் தொடரின் கதாநாயகன். முன்பெல்லாம் அவர் பேப்பர் படிக்கும்போது பின்னணியில் அவள் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அது நின்றதும் வீடு வீடாகவே இல்லை. சரி, அந்தப் பாஷையிலேயே பேசிவிடுவோம் என்று ஒரு புத்தகம் வாங்கிவிட்டார். முதல் பாடம் முழுக்கக் கேள்விச் சொற்கள்: என்ன, எங்கே, எப்போது, யார், ஏன். பதில் சொல்வது ஏழாம் பாடத்தில்தான் வருகிறது.

நெற்றியைத் துடைத்துக்கொண்டு இரண்டாம் பாடத்தைப் புரட்டினார். நாம் 'கடைக்கு' என்று ஒரு 'கு' சேர்ப்பதுபோல, அவர்களும் சொல்லுக்கு ஒரு வால் ஒட்டுகிறார்களாம்.

"அடடா, வாலை விட்டுட்டோமே!"

மறுநாள் மாலை அவள் பையோடு கிளம்பும்போது வழியை மறித்தார். எங்கே போகிறாய் என்பதை வாலோடு கேட்டார்.

"ஒதிஎ கா?"

பை கீழே விழுந்தது. "என்னங்க பண்ணுது உங்களுக்கு?"

அவளைத் தேற்றுவதாக நினைத்து, அந்தக் கதாநாயகனைப் போல வாயை ஒரு பக்கமாக இழுத்துச் சிரித்தார். அரை மணி நேரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார்.

டாக்டர் கண்ணில் டார்ச் அடித்தார். "இது எந்த இடம்? இன்னிக்கு என்ன கிழமை? இவங்க யாரு?"

எங்கே, எப்போது, யார். அச்சு அசலாக முதல் பாடம்! பதற்றத்தில், 'யார்' என்பதற்குப் படித்த கொரியச் சொல்தான் வாயில் வந்தது.

"நுகு?"

டாக்டர் எதையோ வேகமாக எழுதினார். மனைவி விசும்பத் தொடங்கினாள். அவரால் தாங்க முடியவில்லை.

"டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல! இவ என் பொண்டாட்டி! இவ என்கூடப் பேசணும்னுதான் கொரிய மொழி கத்துக்கிட்டேன்!"

"கொரிய மொழியா?" அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு ஒரு வார்த்தை தெரியாதே. நான் பாக்கறது தமிழ் டப்பிங்தான்!"

அவருக்குப் போர்வைக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் அவள் கை தன் கையை விடவில்லை என்பதில் ஒரு நிம்மதி.

"அப்போ, நான் பேசினது புரியாமத்தான் பயந்துட்டியா?"

அவள் எங்கோ பார்த்தாள். கால்மாட்டில் கேஸ் ஷீட்டோடு நின்ற நர்ஸ்தான் பதில் சொன்னாள்.

"பேச்சைப் பத்தி அம்மா ஒண்ணுமே சொல்லலையே சார். 'பேப்பரைக் கீழ வெச்சிட்டு என் மூஞ்சியைப் பாத்துக் கேள்வி கேக்கறார், இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஆனதே இல்ல'ன்னுதான் எழுதச் சொன்னாங்க."